குறத்தி இல்லாத குறி

1

கையை போன் காமிராவுக்கு நேரே பிடித்தால் ரேகை பார்த்துப் பலன் சொல்லும் ஆப். முகத்தைக் காட்டினால் நாய்க் காது முளைக்க வைக்கும், நாற்பது வயது கூட்டும், குறைக்கும் ஆப் - இவற்றுக்காக ஓர் இலக்கியப் பத்திரிகையின் பக்கங்களைச் செலவிடலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் ஒரு சமூகம் எதை வைத்து விளையாடுகிறது என்பது, அது எதைக் கும்பிடுகிறது என்பதைவிட எந்த விதத்திலும் குறைந்த விஷயம் அல்ல. தவிரவும், இந்தச் சாமான்கள் செய்கிற வேலை இரண்டு. ஒன்று வாசிப்பது, மற்றது உருவம் தீட்டுவது. இரண்டும் நம் வேலைகள். நம் வேலையை ஒரு யந்திரம் பொய்யாகச் செய்து, அது செல்லுபடியும் ஆகிறதென்றால், நாம் செய்வது எந்த அளவுக்கு மெய் என்று பார்த்துக்கொள்ளும் நிர்ப்பந்தம் நமக்கு ஏற்பட்டுவிடுகிறது.

ரேகை ஆப்பின் நடைமுறை எல்லாருக்கும் தெரிந்தது. கையின் படத்தின்மேல் ஒரு வெளிச்சக் கோடு மேலிருந்து கீழாக நகரும். ஆயுள், புத்தி, இருதயம் என்று மூன்று ரேகைகள் வர்ணத்தில் மின்னும். பிறகு நாலைந்து வாக்கியங்கள். விளையாட்டுக்கென்று வருகிற பலவற்றில் அந்த வெளிச்சக் கோடு எதையும் பார்ப்பதில்லை. பார்ப்பது போன்ற பாவனை மட்டும் செய்கிறது. வாக்கியங்கள் முன்பே எழுதி அடுக்கப்பட்டவை. எது யாருக்கு என்பதை ஏதோ ஒரு எண் தீர்மானிக்கிறது. 'பொழுதுபோக்குக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் அவர்களே போட்டும்விடுகிறார்கள். ஆக, ஏமாற்று என்று சத்தம் போடுவதில் அர்த்தமில்லை. கவனிக்க வேண்டியது, ஏமாறுகிறவன் தெரிந்தே ஏமாறுகிறான் என்பதும், தெரிந்தும் ஒரு கணம் 'சரியாத்தான் சொல்லுது' என்கிறான் என்பதும்தான்.

இந்த 'சரியாத்தான் சொல்லுது'வை 1948ல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் சோதித்துப் பார்த்திருக்கிறார். வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்து, அதன் அடிப்படையில் ஒவ்வொருவர் சுபாவத்தையும் தனித்தனியே எழுதித் தருவதாகச் சொன்னார். தந்தது எல்லாருக்கும் ஒரே தாள். கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வாக்கியங்கள். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் பொருந்துவதை ஒவ்வொருவனும் தனக்கென்றே தைத்ததாக எடுத்துக்கொண்டான்.

ரயில் நிலையங்களில் ஓர் எடை யந்திரம் நின்றிருந்தது நினைவிருக்கும். காசு போட்டால் வர்ண பல்புகள் சுழன்று, கடகடவென்று ஒரு சத்தம் வந்து, கெட்டியான சின்ன அட்டை ஒன்று விழும். எடை, ஒரு சினிமா நட்சத்திரத்தின் படம், கூடவே உங்கள் பலன். அந்த அட்டையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஏனென்றால் அதில் குறைந்தபட்சம் எடை நிஜம். ஐம்பத்திரண்டு கிலோ என்ற ஸ்தூலமான உண்மை ஒன்றுக்குப் பக்கத்தில் 'உங்கள் முயற்சிகள் பலிக்கும்' என்ற புகை. புகையை நிறுத்துப் பார்க்க ஒரு கல் கூடவே வந்தது. ஆப்பில் அந்தக் கல்கூட இல்லை.

2

குறி கேட்பது நமக்குப் புதிதல்ல. அதற்கென்று ஓர் இலக்கிய வடிவமே வைத்திருந்தவர்கள் நாம். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி உலா வரும் குற்றாலநாதரைப் பார்த்து மயங்கிய பிறகுதான் சிங்கி வருகிறாள். வசந்தவல்லியின் மனசில் இருப்பது யார் என்று வாசகனுக்குத் தெரியும், வசந்தவல்லிக்குத் தெரியும், சிங்கிக்கும் ஊகம் உண்டு. அந்த அளவில் இதுவும் தெரிந்ததையே திருப்பிச் சொல்லும் விவகாரம்தான், ஆப்பைப் போல. ஆனால் அந்தப் பலனை எட்டுவதற்கு முன் எத்தனை நடக்கிறது! குறத்தி தன் மலையைச் சொல்கிறாள், தன் நாட்டைச் சொல்கிறாள், தன் ஜாதித் தொழிலைச் சொல்கிறாள். வயிற்றுக்குக் கேட்கிறாள். பல்லி சொல்வதைக் கவனிக்கிறாள். தெய்வங்களை ஒவ்வொன்றாகத் துணைக்கு அழைக்கிறாள். அப்புறம்தான் கை. குறி என்பது அங்கே ஒரு விடை அல்ல. இரண்டு பெண்களுக்கு இடையே நடக்கிற பேச்சு. ஒருத்தி அரண்மனைச் சாயல் உள்ளவள். மற்றவள் மலையிலிருந்து நடந்து வந்தவள். ஒருத்திக்குக் காதல் பிரச்னை, மற்றவளுக்குக் கஞ்சி. அந்த இரண்டு பசிகளும் ஒரு கையின் மேல் சந்திப்பதுதான் குறவஞ்சியின் நாடகம். அதிலிருந்து குறத்தியை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஆப்.

இன்னும் பின்னே போகலாம். முல்லைப்பாட்டில் விரிச்சி கேட்கப் போகிறார்கள். முதுபெண்டிர் நெல்லும் பூவும் தூவிக் காத்து நிற்கிறார்கள். குளிரில் நடுங்கித் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் ஆயர் மகள், தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கிற கன்றிடம், உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று ஏதோ சொல்லித் தேற்றுகிறாள். அது இவர்கள் காதில் விழுகிறது. போருக்குப் போனவன் வந்துவிடுவான் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆப்பும் தற்செயல், விரிச்சியும் தற்செயல். எண்ணின் தற்செயலை மட்டும் ஏன் பழிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வித்தியாசம் இதுதான்: விரிச்சியில் வந்த வாக்கியம் ஏற்கனவே ஒரு வாழ்க்கையில் வேலை செய்துகொண்டிருந்த வாக்கியம். ஆயர் மகள் அதைக் கன்றுக்குச் சொன்னாள். கன்றின் தவிப்பு நிஜம், அவள் குளிர் நிஜம். அந்த நிஜத்திலிருந்து தன் நிஜத்துக்கு ஒரு பாலம் கட்ட வேண்டிய பொறுப்பு கேட்டவர்களுடையது. கேட்பதே அங்கே ஒரு சிருஷ்டி. ஆப்பின் வாக்கியமோ யாருக்கும் சொல்லப்பட்டதல்ல. எவர் வாயிலும் இருந்ததல்ல. 'உங்களுக்கு' என்று அது ஆரம்பிக்கும்போது எதிரே எவரும் இல்லை.

எலியட்டின் 1922ம் வருஷத்துப் 'பாழ்நில'த்தில் சீட்டுப் போட்டுக் குறி சொல்லும் அம்மாளுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது. ஒரு சீட்டு வெறுமையாக இருக்கிறது. அதில் உள்ளதைப் பார்க்கத் தனக்கு அனுமதி இல்லை என்கிறாள். எலியட் அவளைக் கேலி செய்யத்தான் செய்கிறார். ஆனாலும் அந்த ஜலதோஷத்தால் அவள் ஓர் ஆள் ஆகிவிடுகிறாள். பார்க்க முடியாத அந்த ஒரு சீட்டால் மற்றச் சீட்டுகளுக்குக் கனம் வந்துவிடுகிறது. எனக்குத் தெரியாது என்று சொல்லத் தெரியாத குறி, குறியே அல்ல. விமர்சனத்துக்கும் இது பொருந்தும்.

3

கை வாசிப்பில் இன்னொரு சரித்திரம் உண்டு. அது ஜோதிடக்காரர்களுடையது அல்ல, சர்க்காருடையது. 1858ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலைக்குக் கல் சப்ளை செய்ய ஒப்பந்தம் எடுத்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழு உள்ளங்கையை மசியில் தோய்த்துப் பத்திரத்தின் பின்புறம் பதியவைத்தார். நோக்கம் ரேகை ஆராய்ச்சி அல்ல. நாளைக்கு, அது என் கையெழுத்தே அல்ல என்று அவர் மறுத்துவிடாதபடி ஒரு பயத்தை உண்டாக்குவது. ஜோதிடன் எதிர்காலத்துக்காகப் பார்த்த கையை, இங்கே கடந்த காலத்திலிருந்து தப்பவிடாமல் இருக்கப் பிடித்துக்கொண்டார்கள். 1877ல் அதே ஹெர்ஷல் ஹூக்ளியில் பென்ஷன்காரர்களிடம் விரல் பதிவு வாங்கினார். செத்தவர் பெயரில் வேறொருவர் வாங்கிப் போகாதிருக்க. 1897ல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகமே வந்துவிட்டது. அதன் வகைப்பாட்டு முறைக்கு எட்வர்ட் ஹென்றியின் பெயர் நின்றது. கணக்குப் போட்டுக் கொடுத்த அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும் பின்னால் போனார்கள்.

1911ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம், பதிவு செய்யப்பட்டவர்களின் விரல் ரேகையை எடுக்க அதிகாரம் கொடுத்தது. அந்தச் சட்டத்தில் சிக்கியவர்களில் குறவர்களும் உண்டு. சீர்மரபினர் பட்டியலில் நம் ஊரின் பெயரோடேயே 'சேலம் மேல்நாடு குறவர்', 'சேலம் உப்புக் குறவர்' என்று இடம்பெற்றிருக்கிறார்கள். கவிராயரின் நாடகத்தில் சீமாட்டியின் கையைப் பிடித்துப் பலன் சொன்னவளுடைய சந்ததியின் கையை, ஸ்டேஷனில் ஏட்டு பிடித்து மசியில் அழுத்தினார். சென்னை ராஜதானியில் 1947 வரை இது நடந்தது. குறவஞ்சியின் சொல்நயம் பற்றி எழுதும் பண்டிதர்கள் இந்த இரண்டு கைகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

பாங்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது பழங்கதை அல்ல. மசிக்குப் பதில் சிவப்பு வெளிச்சம் எரியும் ஒரு சின்னப் பெட்டி. விரலை வைத்தால் ஆள் இன்னார் என்று சொல்ல வேண்டும். கல் உடைத்த கை, சேகோ ஆலையில் கிழங்கு உரித்த கை, கொலுசுப் பட்டறையில் அமிலத்தில் தோய்ந்த கை, தறியில் நூல் ஓட்டிய கை - இவற்றில் பல அந்தப் பெட்டிக்குக் கை அல்ல. 'இன்னொரு வாட்டி வைங்க ஆயா' என்று நானே ஒரு நாளைக்குப் பல தடவை சொல்கிறேன். துணியில் துடைத்து, அடுத்த விரலை மாற்றி, அதற்கடுத்த விரலை மாற்றி.

அப்படி ஒரு நாள் கல் குவாரியில் வேலை செய்த ஒரு கிழவியோடு பேரன் வந்திருந்தான். பத்து விரலும் தோற்றுப்போயின. 'தேஞ்சு போச்சு சாமி, என்ன பண்ணச் சொல்றே' என்றாள். காத்திருந்த நேரத்தில் பையன் அவள் உள்ளங்கையை விரித்து போனில் படம் பிடித்து ரேகை பார்த்தான். வெளிச்சக் கோடு ஓடியது. 'ஆயா, உனக்கு வெளிநாட்டுப் பிரயாணம் இருக்குதாம்.' அவள் சிரிக்கவில்லை. 'வெளிநாடு கெடக்குது. இந்த ஜன்னலத் தாண்டிப் பணம் வருமான்னு கேட்டுச் சொல்லு' என்றாள்.

என் கண்ணெதிரே ஒரே கையை இரண்டு யந்திரங்கள் பார்த்தன. ஒன்று, இதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்றது. இன்னொன்று எல்லாம் எழுதியிருக்கிறது என்றது. முதலாவது உண்மையிலேயே வாசிக்கப் பார்த்துத் தோற்றது. இரண்டாவது வாசிக்கவே இல்லை, அதனால் தோற்கவும் இல்லை. நாற்பது வருஷம் அந்தக் கையில் கல் எழுதியது இரண்டு யந்திரங்களுக்கும் எழுத்து அல்ல. அதைப் படிக்க வேறு ஒரு வாசிப்பு வேண்டும். இலக்கியம் என்று நாம் எதையாவது சொல்லிக்கொள்வதானால், அந்த மூன்றாவது வாசிப்பைத்தான் சொல்ல வேண்டும்.

4

முகத்துக்கு வருவோம். முகத்தை மாற்றிக் காட்டும் வித்தைக்கும் சேலத்துக்கும் பழைய சம்பந்தம். மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் 1940ல் எடுத்த 'உத்தம புத்திர'னில் பி. யு. சின்னப்பா இரட்டை வேஷம். தமிழில் கதாநாயகன் இரட்டை வேஷம் போட்டது அதுதான் முதல். ஒரே ஆள் இருவராகத் தெரிய, பிலிமின் பாதியை மறைத்து எடுத்து, திரும்பச் சுற்றி, மறுபாதியில் மறுபடி எடுக்க வேண்டும் என்பது அந்தக் காலத் தந்திரம். அதாவது ஒரு முகம் இரண்டாக வேண்டுமானால் அந்த மனிதர் இரண்டு தடவை நின்றாக வேண்டும். எதிரே இல்லாத தன்னையே பார்த்துக் கோபப்பட வேண்டும். தந்திரத்துக்குள்ளே ஓர் உழைப்பு இருந்தது. ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டுடியோவின் முகப்பு வளைவு மட்டும்தான் இன்று மிச்சம்.

போட்டோ ஸ்டுடியோக்களின் திரைச்சீலைகளும் இப்படியே. மாளிகைப் படிக்கட்டு, நிலா, விமானம், அட்டை மோட்டார் சைக்கிள். அவையும் பொய்கள்தாம். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் திரட்டிப் பாதுகாத்திருக்கிறார்கள். அந்த மாதிரிப் படங்களில் திரைச்சீலை பொய்யாக இருக்க, அதன்முன் விறைத்து நிற்கிற உடம்பு மட்டும் பொய் சொல்லாமல் இருப்பதைப் பார்க்கலாம். கடன் வாங்கிய கைக்கடிகாரம் தெரிகிற மாதிரி மடக்கிய கை, எங்கே பார்ப்பதென்று தெரியாத கண். பொய்க்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. மனுஷன் அந்த இடைவெளியில் தெரிந்தான். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை கவிஞராகப் பெயரெடுப்பதற்கு முன் உருவப்படம் தீட்டிப் பிழைத்தவர். அந்தத் தொழிலில் எதிரே ஒரு முகம் வெகுநேரம் உட்கார்ந்தாக வேண்டும், அல்லது ஒரு போட்டோவை வெகுநேரம் உற்றுப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் தீட்ட வழியில்லை.

பில்டர் இந்த இடைவெளியைத்தான் அழிக்கிறது. அட்டையும் சருமமும் ஒன்றாகிவிடுகின்றன. 2017ல் ருஷியாவிலிருந்து வந்த ஃபேஸ்ஆப் முகத்தை அழகாக்கித் தருவதாகச் சொல்லி, கறுப்பு முகங்களை வெளுக்கவைத்தது. கண்டனம் வந்ததும் அதன் தலைவர் யாரோஸ்லாவ் கொன்சரோவ் மன்னிப்புக் கேட்டு, யந்திரத்துக்குப் பழக்கிய படங்களின் கோளாறு என்றார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நம் ஸ்டுடியோக்காரர் நெகடிவில் பென்சில் வைத்து வெளுப்பாக்கியதும், பெண் பார்க்க அனுப்பும் படத்துக்குப் பவுடர் பூசியதும் எந்தப் படங்களால் பழக்கப்பட்டு? யந்திரம் கற்றது நம்மிடம். நம் அபிப்பிராயத்தை நம்மிடமே 'அழகு' என்று திருப்பிக் கொடுத்தது.

அதே ஆப் 2019 ஜூலையில் கிழமாக்கும் விளையாட்டால் உலகம் பூராவும் பரவியது. இருபது வயதுக்காரர்கள் தங்கள் எழுபதைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் கிழ முகங்களில் சுருக்கம் உண்டு, நரை உண்டு, வாழ்ந்தது இல்லை. சுருக்கம் என்பது ஒரு டிசைனாக மேலே விரிக்கப்பட்டது. இன்னொரு பக்கம், நிஜமாகவே எழுபது வயதானவர்கள் போனுக்கு முன் முகத்தைக் காட்டுகிறார்கள். உயிர்வாழ் சான்றிதழை 2014 முதல் ரேகை, கருவிழி வைத்து வாங்கலாம் என்றிருந்ததில், 2021 நவம்பரில் முகத்தையும் சேர்த்தார்கள். பென்ஷன்காரர் கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டினால் இருக்கிறார் என்று அர்த்தம். ஹூக்ளியில் ஹெர்ஷல் கேட்ட அதே கேள்வி. தேய்ந்த விரல்காரர்களுக்கு இதில் சௌகரியம் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஒரே மாதிரிக் கண்ணாடிச் சதுரத்தின் முன், ஒருவன் கிழவனாகி விளையாடுகிறான், ஒரு கிழவர் உயிரோடிருப்பதை நிரூபிக்கிறார் என்பதைப் பார்க்கையில், நம் புதுக்கவிதைக்காரர்கள் படிமம் தேடி எங்கெங்கோ அலைவது வேடிக்கையாக இருக்கிறது.

5

2025 மார்ச்சில் இன்னொரு விளையாட்டு வந்தது. சாட்ஜிபிடியிடம் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஜப்பானிய ஜிப்ளி ஸ்டுடியோவின் பாணியில் வரைந்து தந்தது. கல்யாணப் படம், அரசியல்வாதியின் படம், செத்துப்போன தாத்தாவின் படம் - எல்லாம் ஒரே மெத்தென்ற வர்ணத்தில். அந்த ஸ்டுடியோவின் மியாசாகி 2016ல் ஒரு டெலிவிஷன் டாகுமெண்டரியில், கணிப்பொறி தானே உருவாக்கிய, தலையைக் காலாக்கி ஊர்ந்து நகரும் ஓர் உருவத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு ஊனமுற்ற நண்பர் ஒருவர் உண்டென்றும், கையைத் தூக்கித் தன் கையோடு தட்டுவதற்கே அவர் படும் சிரமத்தை நினைக்கும்போது இதை ரசிக்க முடியவில்லை என்றும் சொன்னார். உயிருக்கே செய்யும் அவமானம் என்றார். நான் கவனிப்பது அவர் கோபத்தை அல்ல. அவர் வாதத்துக்கு ஆதாரமாக எடுத்தது கோட்பாடு எதையும் அல்ல, ஒரு கையை. விறைத்துப்போன, குறிப்பிட்ட ஒருவரின் கையை.

பாணி என்பதைப் பார்வையிலிருந்து உரித்து எடுத்து எதன் மேலும் போர்த்தலாம் என்றால் அதற்குப் பெயர் பில்டர். இதைக் கணிப்பொறிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. தமிழில் நகுலன் பில்டர் வெகுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நாற்காலி, ஒரு பாட்டில், இல்லாத ஒருத்தி, நடுவில் உடைத்த வரி, போதும். ஆத்மாநாம் பில்டரும் உண்டு. நகுலனுக்கு அந்த வெறுமை வாழ்ந்து கண்ட இடம். அதன் கூலியை அவர் கொடுத்தார். பின்னால் வருகிறவர்களுக்கு அது மேலே விரிக்கிற சுருக்கம்.

ரேகை ஆப்புக்கும் நம்மிடையே சகோதரர்கள் உண்டு. சொல்லாத துயரம் உனக்குள் இருக்கிறது, யாரும் அறியாத நதி உனக்குள் ஓடுகிறது என்ற ரகத்தில் நாள்தோறும் எழுதப்படுகிற கவிதைகள். படிக்கிறவர் ஒவ்வொருவரும் தனக்கே எழுதியதாக நினைக்கிறார். ஃபோரரின் வகுப்புதான். 4.26 மதிப்பெண் நிச்சயம்.

எல்லாருக்கும் பொருந்துவதுதானே நல்ல கவிதை என்று இங்கே ஒரு ஆட்சேபம் வரும். அகப்பாட்டில் பெயரே சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்ததே, அதுவும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கத்தானே என்பார்கள். பெயர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறுந்தொகையில் ஒரு நாரை என்றால் குறிப்பிட்ட நீரில், குறிப்பிட்ட மீனைப் பார்த்து, குறிப்பிட்ட வேளையில் நிற்கிற நாரை. பெயரை எடுத்துவிட்டு இடத்தை வைத்தார்கள். ஆள் தெரியாமலே ஆள் இருப்பது அதனால்தான். பொது என்பது வேறு, பொதுப்படை என்பது வேறு. பொது என்பது ஒன்றின் ஆழத்துக்குள் இறங்கிப் போய் அடைகிற இடம். பொதுப்படை என்பது எதற்குள்ளும் இறங்காமல் எல்லாவற்றின் மேலும் நிற்கிற இடம். ஆயர் மகளின் வாக்கியம் முதல் வகை. ஆப்பின் வாக்கியம் இரண்டாவது.

ஆகவே இந்தச் சாமான்களைத் தடை செய்ய வேண்டும் என்றோ, மக்கள் கெட்டுவிட்டார்கள் என்றோ நான் சொல்லவில்லை. பேரன் கிழவியின் கையைப் பிடித்து விரித்த அந்த நிமிஷத்தில், ஆப் என்ன சொன்னாலும், ஒரு கை இன்னொரு கையில் இருந்தது. அது யந்திரம் அறியாமல் நடந்த நல்ல காரியம். என் கவலை சிறியது, நம் வட்டத்துக்குள் அடங்கியது. யந்திரம் இவ்வளவு சுலபமாகச் செய்துவிடுகிற வேலையை நாம் இனியும் கவிதை என்றும் விமர்சனம் என்றும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வெளிச்சக் கோட்டை ஓட்டிவிட்டு 'ஆழமான படைப்பு', 'தரிசனம்', 'மானுடத்தின் குரல்' என்று எழுதுகிற மதிப்புரைகள் எந்தப் புத்தகத்தை வைத்தாலும் பலன் சொல்லும். மேஜையை வைத்தாலும் சொல்லும்.

கேட்க வேண்டிய கேள்விகள் பழையவை. இந்த வாக்கியம் முதலில் யாரிடம் சொல்லப்பட்டது? சொன்னவருக்குக் குளிரியதா, பசித்ததா? எது தனக்குத் தெரியாது என்று இது ஒப்புக்கொள்கிறது? எந்த வேலையில் இதன் விரல் தேய்ந்தது? அடுத்த இதழுக்கு வந்திருக்கும் கவிதைகளையும் மதிப்புரைகளையும் இந்தக் கேள்விகளோடு படித்துப் பார்க்க உத்தேசம். பக்கங்கள் குறைந்தால் குறையட்டும்.